மெலிந்த உடலில் தொங்கும் தோல்: கத்தி வைக்குமுன் கேட்க வேண்டியவை

 

வெளியே சொல்லக் கூச்சப்படும் விடயங்களைத்தான் இப்பகுதிக்குப் பெண்கள் அதிகம் எழுதுகிறார்கள். கூச்சம் ஈமானின் ஒரு பகுதிதான். எனினும், மார்க்கத்தை அறிந்துகொள்வதில் அன்ஸாரிப் பெண்களை அவர்களது கூச்சம் தடுக்கவில்லை என அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அப்பெண்களைப் புகழ்ந்துள்ளார்கள். எனவே இம்மாதம் ஒரே விடயம் பற்றி வந்த இரு கடிதங்களைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிடுகிறேன்.

முதலாவது, கிழக்கிலங்கைச் சகோதரி ஒருவருடையது. சீனி வியாதியும் மூட்டு நோவும் தாங்க முடியாமல், இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து நாற்பது கிலோவுக்கு மேல் நிறை குறைந்திருக்கிறார். நோய் தணிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொழுப்பு கரைந்த இடத்தில் தோல் மட்டும் வெறும் பையைப் போலத் தொங்குகிறது. உள் தொடைகள் இரண்டும் உரசி உரசிப் புண்ணாகி, வெயில் காலத்தில் நீர் கசிந்து நாற்றமடிக்கிறது. "தொழுகையில் நிற்கும்போது என் உடை சுத்தமா என்ற சந்தேகத்திலேயே நிற்கிறேன். உம்றாவுக்குப் போக நிய்யத் வைத்திருக்கிறேன். இந்தத் தொடையோடு எப்படி நடப்பேன்? தோலை வெட்டி எடுக்கலாம் என்கிறார் வைத்தியர். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது, தெற்கிலிருந்து வந்தது. இவருக்கு நோய் ஏதுமில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் உடம்பு சற்றுப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கணவர் கைத்தொலைபேசியில் வரும் பெண்களின் படங்களைக் காட்டி, "உன் காலைப் பார்" என்று சொல்லிச் சிரிக்கிறாராம். "நகைகளை அடகு வைத்தாவது இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள நினைக்கிறேன். அவர் மனம் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று முடிகிறது அக்கடிதம்.

இருவரும் கேட்பது ஒரே சத்திரசிகிச்சையைத்தான். ஆனால் இருவருக்கும் பதில் ஒன்றல்ல.

மார்க்கத்தின் நிலைப்பாடு

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதர்களைத் தூண்டப்போவதாக ஷைத்தான் சபதமிட்டதை ஸூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம் கூறுகிறது. அழகுக்காகப் பற்களைச் செதுக்கி இடைவெளி ஏற்படுத்திக்கொள்ளும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதும் ஆதாரபூர்வமான செய்தியாகும். இவற்றை மட்டும் பார்த்துவிட்டு, உடலில் கத்தி படுவதெல்லாம் ஹராம் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று.

அர்பஜா (ரழி) என்ற ஸஹாபியின் மூக்கு ஜாஹிலிய்யாக் காலத்து குலாப் போரில் வெட்டுண்டு போயிற்று. அவர் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார், அது நாற்றமெடுத்தது. அப்போது பொன்னால் மூக்குச் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். இதனை அபூதாவூத், திர்மிதீ முதலான கிரந்தங்களிற் காணலாம். ஆண்களுக்குப் பொன் ஹராமாக இருந்தும், குறையையும் துர்நாற்றத்தையும் நீக்குவதற்காக அது அனுமதிக்கப்பட்டது. ஆக, சேதமுற்றதைச் சீர்செய்வது வேறு. அல்லாஹ் தந்த சீரான அமைப்பில் அதிருப்தியுற்று மாற்றுவது வேறு.

இந்த வேறுபாட்டின் மீதே இக்கால அறிஞர்களின் தீர்ப்பும் அமைந்துள்ளது. 2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் மலேசியாவின் புத்ராஜெயாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, அழகுச் சத்திரசிகிச்சை பற்றித் தனது 173ஆம் இலக்கத் தீர்மானத்தை வெளியிட்டது. பிறவிக் குறையையும், தீக்காயம், விபத்து, நோய் என்பவற்றால் ஏற்பட்ட குறையையும், உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தரும் விகாரத்தையும் நீக்கும் சிகிச்சை ஆகுமானது என அது கூறுகிறது. மனோ இச்சைக்காகவும் பிறரைப் போலத் தோன்றுவதற்காகவும் இயல்பான அமைப்பை மாற்றுவது ஆகாது என்கிறது. உடல் நிறை நோயாகவே மாறியிருந்து, வேறு வழியும் இல்லாதபோது, தீங்கு நேராது என்ற நிபந்தனையுடன் கொழுப்பகற்றும் சத்திரசிகிச்சைக்கும் இடமளிக்கிறது.

இதன்படி, முதற் சகோதரியின் நிலை சிகிச்சை சார்ந்தது. நோயின் விளைவாக உண்டான ஒரு சேதத்தை, புண்ணையும் நாற்றத்தையும் நீக்கவே அவர் விரும்புகிறார். அவருக்குத் தடையில்லை. இரண்டாவது சகோதரியிடம் சேதம் எதுவுமில்லை. கணவரின் நாவுதான் நோய். அவரது உடலில் கத்தி வைக்கத் தேவையில்லை. அவருக்கான பதிலை இறுதியிற் சொல்கிறேன்.

ஆகுமானது என்று கண்டபின் விடயம் முடிந்துவிடுவதில்லை. தீங்கு நேராதிருத்தல் என்பதே மார்க்கம் விதித்த நிபந்தனை. உங்களை நீங்களே அழிவில் இட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தைத் தரும் அல்பகராவின் 195ஆம் வசனத்தை நாம் அறிவோம். ஆகவே இச்சிகிச்சையின் பாதுகாப்பைப் பற்றி அறிவதும் மார்க்கத்தின் ஒரு பகுதியே.

இச்சத்திரசிகிச்சை எத்தகையது?

தொங்கும் தோலையும் அதன்கீழுள்ள கொழுப்பையும் வெட்டியெடுத்து, எஞ்சிய தோலை மேலே இழுத்துத் தைப்பதே இது. 1957ஆம் ஆண்டில் லூயிஸ் என்ற அமெரிக்க வைத்தியர் இதனை விபரித்தார். அன்று தோலை மட்டும் இழுத்துத் தைத்தமையால், நாளடைவில் தழும்பு கீழிறங்கி, அண்டையிலுள்ள மறைவிடத்தின் தோலையும் இழுத்து விகாரமாக்கியது. 1988ல் லொக்வூட் என்பவர், தோலை உள்ளேயுள்ள உறுதியான சவ்வோடு பிணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் இக்குறை குறைந்தது, முற்றாக நீங்கிவிடவில்லை.

தோல் சிறிதளவே தொங்கினால் அரையிடுக்கில் மட்டும் வெட்டுவார்கள்; தழும்பு மறைந்திருக்கும். அதிக நிறை குறைந்தவர்களுக்கு அது போதாது. அரையிடுக்கிலிருந்து முழங்கால் வரை உள் தொடையில் நீளவாக்கில் வெட்ட வேண்டிவரும். அத்தழும்பு காலத்தால் மங்குமே தவிர, மறையாது. நம்மவர் போன்ற கருமை கலந்த தோலில் தழும்பு தடித்துவிடும் வாய்ப்பும் அதிகம். முழு மயக்கத்தில் சில மணித்தியாலங்கள் நடக்கும் பெரிய சத்திரசிகிச்சை இது என்பதை மனதிற் கொள்ளுங்கள். அழகு நிலையத்தில் ஒரு மத்தியானத்தில் முடித்துவரும் காரியமன்று.

காயம் ஆறுவதில் இந்த இடம் மிகவும் கடினமானது. வியர்வை, உரசல், மலசலம் கழிக்கும் இடத்தின் அண்மை ஆகிய மூன்றும் சேர்ந்த இடமல்லவா? பெருமளவு நிறை குறைந்தவர்களிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு சிக்கல் ஏற்பட்டது. அவற்றுள் மிக அதிகமானது தையல் சிறிது விட்டுப்போதல். அடுத்தவை தோலின் கீழ் நீர் தேங்குதலும் கிருமித் தொற்றும். இவற்றிற் பெரும்பாலானவை மருந்து கட்டிக் கவனித்தால் ஆறிவிடுபவை. கால் வீக்கம் நீடித்திருத்தல் சிலருக்கு உண்டு. அரிதானாலும் உயிராபத்தானது, காலின் ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்வதாகும்.

சம்மதிக்குமுன் செய்ய வேண்டியவை

முதலில், கத்தியில்லாத வழிகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். முழங்கால் வரை வரும் பருத்தி உட்காற்சட்டை, தொடைகளைக் கழுவி ஈரம் ஒற்றி உலர்த்துதல், பூஞ்சணத்துக்கு வைத்தியர் தரும் பூச்சு மருந்து ஆகியவற்றாலேயே பலருக்குப் புண் ஆறிவிடுகிறது. தொங்கும் தோல் உடற்பயிற்சியாற் சுருங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் எல்லாத் தோலும் புண்ணாவதில்லை.

இரண்டாவது, உங்கள் கால் பருத்திருப்பதற்குக் காரணம் வேறா என்று விசாரியுங்கள். இரு கால்களும் ஒரே மாதிரிப் பருத்து, தொட்டால் நோவெடுத்து, இலேசாக இடித்தாலே கன்றிப்போய், பாதம் மட்டும் மெலிந்திருந்தால் அது லிப்பீடிமா என்ற தனியான நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பெண்களையே பீடிக்கும் இந்நோயை 1940ல் மேயோ கிளினிக் வைத்தியர்கள் விபரித்தார்கள். தோலை வெட்டுவது அதற்குப் பரிகாரமாகாது. யானைக்கால் நோய் நம் நாட்டிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2016ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் முன்பு அந்நோய் கண்டவர்கள், காலில் வீக்கமுள்ளவர்கள், நாளம் புடைத்தவர்கள், முன்னர் கால் நாளத்தில் இரத்தம் உறைந்தவர்கள் அதனைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அவசரப்படாதீர்கள். இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வருடம் பொறுத்து, நிறை சில மாதங்களாக ஒரே அளவில் நின்றபின்னரே இதற்கு ஆயத்தமாக வேண்டும். இன்னும் பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் அதுவரை தள்ளிப்போடுவதே மேல். இரைப்பை சிறிதானவர்களுக்கு இரும்புச் சத்து, பி12, புரதம் என்பன குறைவாக இருப்பது வழக்கம். இரத்தம் குறைந்த உடம்பில் காயம் ஆறாது. இரத்தப் பரிசோதனை செய்து, குறையை நிரப்பி, சீனியைக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த பின்பே நாள் குறியுங்கள். முட்டை, மீன், பருப்பு, கடலை ஆகியன உங்கள் தட்டில் தினமும் இருக்கட்டும்.

நான்காவது, உட்கொள்ளும் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அஸ்பிரின், நோவு மாத்திரை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றோடு பூண்டு மாத்திரை, மீனெண்ணெய், கருஞ்சீரகம், நாட்டுக் கஷாயம் என எதுவானாலும் சரி. சில இரத்தக் கசிவைக் கூட்டும்; சில கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறைவதைக் கூட்டும். எதனை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் வந்திருப்பது உண்மை. அதற்காக வைத்தியரிடம் மறைக்க வேண்டும் என்று ஹதீஸில் இல்லை. வீட்டில் யாரேனும் புகைபிடித்தால், குறைந்தது நான்கு வாரம் முன்பிருந்தே அப்புகை உங்களை அண்டக்கூடாது. புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தையலை விடச் செய்யும்.

ஐந்தாவது, மறைவிட முடி களைவது சுன்னத்தான செயல். ஆனால் சத்திரசிகிச்சைக்கு முந்திய நாட்களில் வீட்டில் சவர அலகைப் பாவிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடிபுகும். தேவையானால் வைத்தியசாலையிலேயே கத்தரிக்கும் கருவியால் களைவார்கள்.

வைத்தியரும் அவ்ரத்தும்

தொடை என்பது பெண்ணுக்குப் பெண் முன்னிலையிலும் மறைக்க வேண்டிய பகுதி. எனவே பெண் வைத்தியர் என்றாலும் தேவைக்கு மேல் திறத்தல் ஆகாது. 1993ல் புரூணையில் கூடிய அதே அகடமி இதற்கு ஒழுங்கொன்றை வகுத்தது. முதலில் முஸ்லிம் பெண் வைத்தியர். இல்லையெனில் முஸ்லிமல்லாத பெண் வைத்தியர். அடுத்து முஸ்லிம் ஆண். அதற்கும் வழியில்லையெனில் முஸ்லிமல்லாத ஆண். ஆண் வைத்தியராயின் மஹ்ரமோ கணவரோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெண் என்பதற்காகத் தகுதியில்லாதவரிடம் உடலை ஒப்படைக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை. தேர்ச்சி பெற்ற பெண் நிபுணர் கிடைக்காவிடில், தேர்ச்சி பெற்ற ஆண் நிபுணரிடம் செல்வதே கடமையை ஒட்டியது. அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் விசேட பயிற்சி பெற்ற நிபுணரா என்று நேரடியாகவே கேளுங்கள். தனியார் வைத்தியசாலைகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, இரவில் சிக்கல் வந்தால் யார் வருவார், தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்பவற்றையும் கேளுங்கள். கேட்பதால் கோபிக்கும் வைத்தியரை விட்டு விலகிவிடுங்கள்.

இன்னுமொன்று. இத்தகைய சிகிச்சைகளில் முன்னும் பின்னும் படம் பிடிப்பது வழக்கம். சிகிச்சைக் குறிப்புக்கு அது தேவைப்படலாம். ஆனால் அப்படம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார் என்று விசாரித்து, விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்பதை எழுத்திலேயே கொடுங்கள். உங்கள் கையொப்பத்துக்கு வரும் படிவத்தை வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம்.

வெளிநாடு சென்று குறைந்த செலவில் செய்துவர எண்ணுவோரும் உண்டு. காயம் ஆறுமுன் நீண்ட நேரம் விமானத்தில் அமர்ந்து வருவது இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். தையல் விட்டால், வெட்டிய வைத்தியர் கடலுக்கு அப்பால் இருப்பார். அந்தச் செலவையும் கணக்கிற் சேருங்கள்.

ஊசி மருந்து பற்றிய ஐயம்

இரத்தம் உறையாதிருக்க ஹெபரின் வகை ஊசி ஏற்றுவதுண்டு. இது பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதைக் கேள்விப்பட்டு ஊசியை மறுத்துவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் பிக்ஹ் சபை இவ்வூசியைப் பெயர் குறித்தே ஆராய்ந்து, ஹலாலான மாற்று மருந்து இல்லாதபோது, அல்லது இருந்தும் அது ஈடாகாதபோது, இதனைப் பாவிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. பொண்டபரினக்ஸ் என்ற செயற்கை மருந்தும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். பொருந்தாவிடில், வைத்தியர் தரும் ஊசியை மன உறுத்தலின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பின்

இயன்றால் அன்றே, அல்லது மறுநாள், பிறர் துணையுடன் எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும். வலிக்கிறதே என்று படுத்தே கிடந்தால் இரத்தம் உறைந்துவிடும். ஓடியாடினால் தையல் விட்டுப்போகும். எனவே சிறுகச் சிறுக, அடிக்கடி நடப்பதே முறை. படுக்கும்போது மல்லாந்து, முழங்காலின்கீழ் தலையணை வையுங்கள். இறுக்கமான விசேட உடையொன்றைப் பல வாரங்கள் அணிய வேண்டியிருக்கும். அதை வைத்தியர் சொல்லாமல் கழற்ற வேண்டாம். நீர் வடியக் குழாய் வைத்திருந்தால், எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று தினமும் குறித்து வையுங்கள்.

குந்தி அமரும் மலசலகூடம் இக்காலத்தில் பெரும் பகையாகும். காலை அகட்டிக் குந்தும்போது தையல் மீது முழுப் பாரமும் விழும். கதிரைபோல அமரும் கொமட் வீட்டில் இல்லாவிடில், சத்திரசிகிச்சைக்கு முன்பே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இஸ்தின்ஜாச் செய்யும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் பழமும் உட்கொள்ளுங்கள்.

பிள்ளையைத் தூக்குதல், தேங்காய் துருவக் குந்துதல், தண்ணீர் வாளி சுமத்தல், மாடிப்படி ஏறி இறங்குதல் என்பவற்றை முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் தவிர்க்க வேண்டும். இல்லற உறவும் வைத்தியர் அனுமதிக்கும் வரை ஒத்திவைக்கப்பட வேண்டியதே. வீக்கம் வடியச் சில மாதங்களும், தழும்பு தன் இறுதி நிலையை அடைய ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். அதுவரை யார் சமைப்பது, யார் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது என்பதை உம்மாவுடனோ ராத்தாவுடனோ பேசித் தீர்மானித்த பின்னரே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

காயத்தின்மேல் மஞ்சள், எண்ணெய், மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். ஓதிப் பார்ப்பது சுன்னத். ஓதிய தண்ணீரைக் குடியுங்கள், காயத்தில் ஊற்றாதீர்கள். நோய் விசாரிக்க வருவோர் கூட்டமாகக் கட்டிலில் அமர்ந்து மணிக்கணக்கில் கதைப்பதும் நோயாளிக்குத் தொல்லையே. நோயாளியைப் பார்த்தல் சுருக்கமாக இருப்பதே ஒழுக்கம்.

சுத்தமும் தொழுகையும்

வுழூவில் கழுவும் உறுப்புகளில் தொடை சேராது. எனவே வுழூச் செய்வதற்குக் கட்டுக் கழற்ற வேண்டியதில்லை. குளிப்பு கடமையானால்தான் கேள்வி எழும். ஒரு பிரயாணத்தில் தலையில் காயப்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய இடமுண்டா என்று அவர் தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இடமில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்ற கருத்தில் கடிந்துகொண்டார்கள். இது அபூதாவூதில் உள்ளது. எனவே ஷாபிஈ மத்ஹபின்படி, நலமான பகுதியைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, காயத்துக்காகத் தயம்முமும் செய்யுங்கள். கட்டு நனையக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தால் தடவாமல் தயம்மும் செய்தாற் போதும்.

காயத்திலிருந்து கசியும் இரத்தம் ஷாபிஈ மத்ஹபில் வுழூவை முறிக்காது. உங்கள் காயத்தின் இரத்தம் உடையிற் பட்டிருப்பதும், குழாய்ப் போத்தல் உடலோடு இருப்பதும் நிர்ப்பந்தத்தால் மன்னிக்கப்படுபவை. இதையே காரணமாக்கித் தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

ருகூஉ, ஸுஜூது, இரு ஸுஜூதுகளுக்கிடையிலான இருப்பு ஆகிய மூன்றும் அரையிடுக்கை மடக்குபவை, தையலை இழுப்பவை. மூலநோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழ, இயலாவிடில் இருந்து தொழ, அதற்கும் இயலாவிடில் சாய்ந்து தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நிற்க முடிந்தால் நின்று, மற்றவற்றுக்குக் கதிரையில் அமர்ந்து சைகையாற் செய்யுங்கள். ஸுஜூதுக்கு ருகூஉவை விடச் சற்று அதிகமாகத் தலை தாழ்த்துங்கள். சத்திரசிகிச்சை இரு வக்துகளை விழுங்கிவிடும் போலிருந்தால், நோயாளி சேர்த்துத் தொழலாம் என்ற கருத்தை இமாம் நவவி (ரஹ்) போன்றோர் ஆதாரத்தில் வலுவானதாகக் கண்டுள்ளார்கள், அதன்படி செய்யலாம். மயக்கத்தில் தவறியவற்றை விழித்தபின் கழாச் செய்வது பேணுதல்.

ரமழானை அண்டி இச்சிகிச்சையை வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரங்களில் நீர் குறைந்த உடம்பில் இரத்தம் எளிதில் உறையும். புரதம் குறைந்தால் காயம் ஆறாது. தவிர்க்க முடியாவிடில், நோயாளிக்குரிய சலுகைப்படி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யுங்கள். ஸயீ மட்டுமே மூன்று கிலோ மீற்றருக்கு மேற்பட்ட நடை. எனவே முதற் சகோதரி, காயம் நன்கு ஆறி வைத்தியர் சம்மதிக்கும் வரை உம்றாவைத் தள்ளிவைப்பதே நல்லது. நிய்யத்துக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

இதனை வெட்டி எடுத்து அலுமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டிலுள்ளோரும் வாசிக்கட்டும்.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோவெடுத்தல், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம், மயங்கி விழுதல். இவற்றில் ஏதேனும் கண்டால் காலை வரை காத்திராமல், உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வந்தவரிடம் இன்ன நாளில் சத்திரசிகிச்சை நடந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இவ்வாபத்து முதல் வாரத்தோடு நீங்கிவிடாது. பல வாரங்கள் கழித்தும் வரலாம்.

38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, ஒரு தொடை திடீரெனப் புடைத்தல், தையல் திறத்தல். இவற்றுக்கு அன்றைய தினமே சத்திரசிகிச்சை செய்த வைத்தியரிடம் செல்லுங்கள். வெட்கத்தால் மறைத்து வைத்த புண் உயிரையே வாங்கிவிடலாம்.

இரண்டாவது சகோதரிக்கு

சகோதரியே! கணவருக்காக மனைவி அலங்கரித்துக்கொள்வது நன்மையான காரியம். ஆனால் அலங்காரம் வேறு, உடலை அறுத்துக்கொள்வது வேறு. உள் தொடையில் முழங்கால் வரை நீளும் ஒரு தழும்பைப் பெற்றுக்கொண்டு, வட்டிக்கு நகையையும் வைத்துவிட்டு, கைத்தொலைபேசிப் படங்களோடு நீங்கள் போட்டியிட்டு வெல்ல முடியாது. இன்று காலைச் சொன்னவர் நாளை முகத்தைச் சொல்வார். வட்டி என்ற பெரும்பாவத்தைச் செய்து, தேவையற்ற அபாயத்தை வாங்க வேண்டாம். உடம்பு இலேசாக வேண்டுமானால் சீனியையும் மாவையும் குறைத்து நடங்கள். அது உங்கள் ஆரோக்கியத்துக்காக இருக்கட்டும்.

இப்பக்கத்தை உங்கள் கணவரிடம் கொடுங்கள். சகோதரரே! உங்கள் பிள்ளைகளைச் சுமந்த உடல் அது. அந்நியப் பெண்களின் படங்களைப் பார்ப்பதே ஹராம். அதைக் கொண்டுவந்து மனைவியின் முன் வைத்து நகைப்பது அதன்மேல் இன்னொரு பாவம். பார்வையைத் தாழ்த்தும்படி அல்லாஹ் முதலில் ஏவியது ஆண்களைத்தான். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் எவரது உடலையும் பழித்ததில்லை. ஒரு மனைவி மற்றொருவரின் உயரத்தைக் குறைவாகச் சுட்டியபோது, அந்த ஒரு சொல் கடல் நீரையே கெடுத்துவிடும் அளவுக்குக் கொடியது என்ற கருத்தில் கண்டித்தார்கள். உங்கள் வீட்டில் மாற்றப்பட வேண்டியது உங்கள் பார்வையும் பேச்சும்தான்.

ஏனைய சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் நிலை இவ்விரண்டில் எதைச் சார்ந்தது என்று ஐயமாக இருந்தால், நம்பிக்கையான வைத்தியரிடம் உடலைப் பற்றியும், உங்கள் ஊர் ஆலிமிடமோ அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடமோ மார்க்கத்தைப் பற்றியும் கேளுங்கள். முடிவெடுக்குமுன் இஸ்திகாராத் தொழுது, சில நாட்கள் பொறுத்திருங்கள். கத்தி வைக்குமுன் கேட்கலாம். வைத்த பின் பொறுமைதான் மிஞ்சும்.

நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக. நம் உள்ளங்களுக்குப் போதுமென்ற தன்மையைத் தருவானாக. ஆமீன்.